குழந்தை தூங்கியும் தாய்க்குத் தூக்கம் வராவிட்டால்: பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு

பிரசவ வார்டில் செவிலியராக இருக்கிறேன். தடுப்பூசிக்குக் குழந்தையைத் தூக்கி வரும் தாய்மாரிடம் தவறாமல் ஒன்று கேட்பேன்: "குழந்தை தூங்கும்போது உங்களுக்குத் தூக்கம் வருதாம்மா?" குழந்தை அழுது தூக்கம் கெடுவது எல்லா வீட்டிலும் உள்ளதுதான். குழந்தை அசந்து தூங்குகிறது, பார்த்துக்கொள்ள ஆளும் இருக்கிறது, உடம்பும் ஓய்ந்துபோய்விட்டது, அப்படியும் கண்ணை மூட முடியவில்லை என்றால் சும்மா விடாதீர்கள்.

முதலில் நாள் கணக்கைப் பாருங்கள். பிரசவமான மூன்றாம், நான்காம் நாளில் காரணமில்லாமல் அழுகை வருவது பாதிக்கும் மேற்பட்ட தாய்மாருக்கு நடக்கிறது. பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் தானாகவே சரியாகிவிடும். அதைத் தாண்டியும் நீடித்தாலோ, சில மாதம் கழித்துப் புதிதாகத் தொடங்கினாலோ அது சிகிச்சை தேவைப்படும் நோயாக இருக்கலாம்.

அழுகையை மட்டும் தேடினால் பலரைத் தவறவிடுவோம். சிலருக்கு எதற்கெடுத்தாலும் எரிச்சல் வரும். சிலர் குழந்தையைக் குளிப்பாட்டி, பால் கொடுத்து எல்லாம் ஒழுங்காகச் செய்வார்கள்; உள்ளே ஒட்டுதலே இருக்காது. இன்னும் சிலர் குழந்தை மூச்சு விடுகிறதா என்று இரவெல்லாம் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். "என்னைவிட வேற யாராவது இந்தக் குழந்தைக்கு அம்மாவா இருந்திருக்கலாம்" என்ற பேச்சு வந்தால் காது கொடுத்துக் கேளுங்கள்.

கேட்கும் விதமும் முக்கியம். சொந்தக்காரர்கள் சூழ்ந்திருக்க "சந்தோஷமாத்தானே இருக்கே?" என்றால் "ஆமா" என்றுதான் சொல்வாள். தனியாக உட்கார்ந்து, "ரொம்பக் கஷ்டமா இருக்கா?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருங்கள். "தைரியமா இரு, எல்லாரும் பெத்துக்கலையா?" என்பதை மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள். அதைக் கேட்டபின் வாயே திறக்காமல் போன பெண்களைப் பார்த்திருக்கிறேன்.

மருத்துவமனையில் எடின்பரோ அளவுகோல் என்ற கேள்வித்தாளைக் கொடுக்கலாம். 1987இல் வெளியானது, கடந்த 7 நாட்கள் எப்படி இருந்தன என்று 10 கேள்விகள், மொத்தம் 30 மதிப்பெண். மதிப்பெண் கூடுதலாக இருந்தாலே நோய் என்று உறுதியாகிவிடாது, மருத்துவர் பேசிப் பார்த்துத்தான் சொல்வார். பத்தாவது கேள்வி தன்னையே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் பற்றியது. அதற்கு "இல்லவே இல்லை" என்பதைத் தவிர வேறு பதில் வந்தால், மொத்த மதிப்பெண் எவ்வளவு என்று பார்க்காமல் அன்றைக்கே மருத்துவரிடம் பேச வேண்டும்.

தைராய்டு கோளாறும் ரத்தசோகையும் இதே போன்ற சோர்வைத் தரும் என்பதால் ரத்தப் பரிசோதனையும் கேட்பார்கள். லேசான நிலையில் மனநல ஆலோசகருடன் சில வாரங்கள் தொடர்ந்து பேசுவதே போதுமானதாக இருக்கும். கடுமையாக இருந்தால் மாத்திரை. இங்கேதான் வீட்டில் பயம் வருகிறது, "பால் கொடுக்கிறாளே!" செர்ட்ரலின் போன்ற மருந்து தாய்ப்பாலில் மிகக் குறைவாகவே கலக்கிறது, பெரும்பாலும் பாலூட்டலை நிறுத்த வேண்டியதில்லை. மருத்துவரிடம் கேட்டே முடிவெடுங்கள். பலன் தெரிய சில வாரங்கள் ஆகும். மனம் தெளிந்த பிறகும் ஆறு மாதமாவது தொடரச் சொல்வார்கள். நன்றாகிவிட்டது என்று நீங்களாகவே நிறுத்தினால் நோய் திரும்பக்கூடும்.

வீட்டில் உள்ளவர்கள் செய்யக்கூடியதில் பெரியது தூக்கம் வாங்கிக் கொடுப்பது. இரவில் ஒரு வேளைப் பாலூட்டலை வேறொருவர் ஏற்று, அவளை நான்கைந்து மணி நேரம் ஒரே மூச்சில் தூங்க விடுங்கள். அப்புறம், அப்பாவையும் கவனியுங்கள். ஆண்களுக்கும் இந்தச் சோர்வு வருகிறது.

ஒரு நிலைமை மட்டும் காத்திருக்க முடியாதது. ஆயிரத்தில் ஒன்றிரண்டு தாய்மாருக்கு, பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்தில், பேச்சு குழம்பும், இல்லாத குரல் கேட்கும், தூங்காமலே படபடவென்று இயங்குவார்கள். தாயையும் குழந்தையையும் தனியாக விடாமல் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். சிகிச்சையில் இதுவும் குணமாகும்.

அடுத்த முறை கருவுற்றால் முதல் பரிசோதனையிலேயே இதையெல்லாம் சொல்லிவிடுங்கள். ஒருமுறை வந்தவருக்கு மறுபடி வரும் வாய்ப்பு அதிகம். முன்கூட்டியே தெரிந்தால் மருத்துவர் பிரசவத்துக்கு முன்பே திட்டம் போட்டு வைக்க முடியும்.