கைதின் முதல் 24 மணி நேரம்: பொலிஸாருக்கான மனித உரிமைப் பயிற்சியைத் தயாரிப்பது எப்படி?

திருகோணமலை மாவட்டத்தில் பொலிஸ் உத்தியோகத்தர்களுக்கு மனித உரிமைப் பயிற்சி நடத்த முதல் தடவையாக முன்வரும் சட்டத்தரணிகளுக்கும் சிவில் அமைப்பினருக்கும் இந்த விளக்கம். இப்படியான பயிற்சிகள் பெரும்பாலும் 1948 இன் மனித உரிமைகள் உலகப் பிரகடனத்தில் தொடங்கி, சமவாயங்களின் பெயர்களை மதியச் சாப்பாட்டுக்குள் சொல்லி முடித்து, மாலையில் சான்றிதழ் கொடுத்து அனுப்பிவிடும். மறுநாள் நிலையத்தில் ஒன்றும் மாறாது. சனிக்கிழமை இரவு ஒருவரைப் பிடித்து வந்த கான்ஸ்டபிள் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதை அங்கே யாரும் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள். அதனால், ஒரு கைதின் முதல் 24 மணி நேரத்தை எடுத்து, பயிற்சி முழுவதையும் அதன் மேல் கட்டுங்கள்.

முதல் படி: எங்கே பிழைக்கிறது என்று கேட்டறிதல்

பாடத்தை எழுதுவதற்கு முன் இரண்டு வாரமாவது ஒதுக்குங்கள். மனித உரிமைகள் ஆணைக்குழுவின் திருகோணமலைப் பிராந்திய அலுவலகம், திருகோணமலை, மூதூர் நீதவான் நீதிமன்றங்களில் வழக்காடும் சட்டத்தரணிகள், சட்ட வைத்திய அதிகாரி, நிலையப் பொறுப்பதிகாரிகள் என நான்கு தரப்பிடமும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: "கைதுக்கும் நீதவானுக்கும் இடையில் எந்த இடத்தில் அதிகம் பிழைக்கிறது?" அடுத்து கிண்ணியா, குச்சவெளி, உப்புவெளிப் பக்கத்து மீனவர்களிடமும் கடைக்காரர்களிடமும் பேசுங்கள். பெயரைக் குறிக்காதீர்கள், நடந்துகொண்டிருக்கும் வழக்கு விபரத்தைத் தோண்டாதீர்கள். "காரணத்தை எந்த மொழியில் சொன்னார்கள், வீட்டுக்கு யார் அறிவித்தது" என்பதைக் கேட்டாலே போதும்.

இரண்டாம் படி: அனுமதியும் ஆட்களும்

மாகாணத்துக்குப் பொறுப்பான சிரேஷ்ட பிரதிப் பொலிஸ்மா அதிபருக்குச் சிங்களத்திலும் தமிழிலும் கடிதம் கொடுங்கள். பயிற்சி நடக்கும் இரண்டு நாளும் பங்குபற்றுவோரைக் கடமையிலிருந்து விடுவிக்கும்படி அதே கடிதத்தில் எழுதிக் கேளுங்கள். இந்த ஒரு வரி இல்லாவிட்டால் பத்து மணிக்கு ஒருவரை நிலையத்திலிருந்து கூப்பிடுவார்கள், பதினொன்றுக்கு மூன்று பேரைக் கூப்பிடுவார்கள். வெள்ளிக்கிழமை வேண்டாம். ஜும்ஆவுக்குப் போகிறவர்கள் பாதி நாளை இழந்துவிடுவார்கள்.

24 பேருக்கு மேல் எடுக்காதீர்கள். ஆறு பேர் வீதம் நான்கு மேசை. முதல் நாள் கான்ஸ்டபிள்மாரும் சார்ஜன்ட்மாரும் வேறு மேசைகளில், பரிசோதகர்கள் வேறு மேசைகளில் இருக்கட்டும். தன் பொறுப்பதிகாரி பக்கத்தில் இருக்கும்போது எந்தக் கான்ஸ்டபிளும் நிலையத்தில் நடப்பதை வாய் திறந்து சொல்லமாட்டார். இரண்டாம் நாள் கலந்து இருத்தலாம். பயிற்றுநர்கள் மூவர் தேவை: ஒரு சட்டத்தரணி, நல்ல பெயர் எடுத்து ஓய்வுபெற்ற ஒரு மூத்த பொலிஸ் அதிகாரி, இரு மொழியும் சரளமாகப் பேசும் ஒருவர். மூவரில் ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும். சீருடை போட்ட அனுபவம் உள்ளவர் சொல்லும்போது அறை கேட்கும் விதமே வேறு.

மூன்றாம் படி: சட்டத்தை ஒரே தாளுக்குள் அடக்குதல்

தாளின் ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் சிங்களம். அதில் இவை மட்டும் போதும்.

அரசியலமைப்பின் 11 ஆம் உறுப்புரை: சித்திரவதை எந்தச் சூழ்நிலையிலும் கூடாது, இந்த உரிமையை மட்டுப்படுத்த வழியே இல்லை. 13 ஆம் உறுப்புரை: கைதுக்கான காரணத்தைச் சொல்ல வேண்டும், நீதிபதி முன் கொண்டுபோக வேண்டும். 1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்க குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 37 ஆம் பிரிவு: நீதவானிடம் போகும் பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்கு மேல் தடுத்துவைக்கக் கூடாது. 1994 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கச் சட்டம்: சித்திரவதைக்கு ஏழு ஆண்டுக்குக் குறையாத, பத்து ஆண்டுக்கு மேற்படாத சிறை. "மேலதிகாரி சொன்னார்" என்பது அந்தச் சட்டத்தில் எதிர்வாதமாகாது. கடைசி வரியை அழுத்தி வாசியுங்கள், இளம் கான்ஸ்டபிள்மாருக்கு அதுதான் பாதுகாப்பு. பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைது என்றால், 1996 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டப்படி உடனடியாக, எப்படியும் 48 மணி நேரத்துக்குள், மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு அறிவிக்க வேண்டும்.

நான்காம் படி: ஒரு கைதை மணிக்கணக்காக நடத்திப் பார்த்தல்

முழுப் பயிற்சியின் உயிரும் இங்கேதான் இருக்கிறது. முதல் நாளின் மூன்று மணி நேரத்தை இதற்கே கொடுங்கள்.

கற்பனைச் சம்பவம் ஒன்றை எழுதுங்கள். புல்மோட்டைப் பக்கக் கடற்கரையில் சனிக்கிழமை மாலை 6.15 க்கு, தமிழ் மட்டும் தெரிந்த ஒருவரைப் படகு இயந்திரத் திருட்டுச் சந்தேகத்தில் பிடிக்கிறார்கள். இடையில் வேறொரு வீட்டில் தேடுதல். நிலையத்துக்கு வரும்போது 7.40. ஒவ்வொரு மேசைக்கும் வெற்றுப் பதிவுப் பக்கத்தின் பிரதி ஒன்றைக் கொடுத்து நிரப்பச் சொல்லுங்கள்: கைது நேரம், இடம், காரணம், சொன்ன மொழி, உடலில் இருந்த காயம், குடும்பத்துக்கு அறிவித்த நேரம்.

கைது நேரம் என்ற இடத்தில் பல மேசைகள் 7.40 என்று எழுதும். அங்கேயே நிறுத்துங்கள். கடிகாரம் ஓடத் தொடங்கியது 6.15 க்கு. நிலையத்தில் இருந்த நேரமும் தேடுதலுக்குப் போன நேரமும் பயண நேரத்தில் சேராது. அடுத்த கேள்வி: "எப்போது நீதவானிடம் கொண்டுபோவீர்கள்?" "திங்கட்கிழமை கோர்ட் திறந்ததும்" என்று யாராவது சொல்வார். ஞாயிறு மாலை 6.15 உடன் நேரம் முடிகிறது. விடுமுறை நாளில் நீதவானின் இல்லத்திலோ பதில் நீதவான் முன்னோ ஆஜர்படுத்த வேண்டும். பயிற்சியை விட்டுப் போகும்போது இந்தக் கணக்கு எல்லோர் கையிலும் எழுதியிருக்க வேண்டும்.

அடுத்து வாக்குமூலம். தமிழ் தெரியாத உத்தியோகத்தர் ஒருவரை நாற்காலியில் இருத்தி, அவர் முன் தமிழில் எழுதிய ஒரு பக்கத்தை வையுங்கள். "கையெழுத்துப் போடுங்கோ" என்று தமிழிலேயே சொல்லுங்கள். இரண்டு பேர் அவர் பின்னால் நிற்கட்டும். வேறு எதுவும் விளக்காதீர்கள். பேனையை எடுத்தாலும் எடுக்காவிட்டாலும், அவருக்கு எப்படி இருந்தது என்று அவரையே சொல்லவிடுங்கள். அதன்பின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 110 ஆம் பிரிவை வாசியுங்கள்: வாக்குமூலம் எழுதிய மொழி விளங்காதவருக்கு விளங்கும் மொழியில் பெயர்த்துச் சொல்ல வேண்டும், திருத்தவும் சேர்க்கவும் இடம் கொடுக்க வேண்டும். தமிழ் உத்தியோகத்தர்களுக்கு இதையே சிங்களத்தில் செய்யுங்கள்.

"ரெண்டு அடி போடாமல் எவன் உண்மை சொல்லுவான்?" என்ற கேள்வி வந்தே தீரும். கோபப்படவேண்டாம், உபதேசமும் வேண்டாம். சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 25 ஆம் பிரிவைக் காட்டுங்கள்: பொலிஸ் அதிகாரியிடம் கொடுத்த குற்ற ஒப்புதலை, அதைக் கொடுத்தவருக்கு எதிராக நிரூபிக்க முடியாது. அடித்து எடுத்த வார்த்தை வழக்குக்கு உதவாது, அடித்த கைக்கு மட்டும் சிறை. பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாதவரிடம் கொடுத்த ஒப்புதல் ஏற்கப்படுகிறதே என்று ஒரு பரிசோதகர் மடக்கலாம். உண்மைதான், அதை ஒப்புக்கொள்ளுங்கள். ஆனால் அங்கேயும் 11 ஆம் உறுப்புரை நிற்கிறது.

ஐந்தாம் படி: பலப்பிரயோகம்

இதற்கு ஒன்றரை மணி நேரம் போதும். ஐ.நா.வின் 1990 ஆம் ஆண்டு அடிப்படைக் கோட்பாடுகளைச் சுருக்கமாகச் சொல்லி, மீன் சந்தைக் கைகலப்பு ஒன்றைக் கொடுத்து, "முதலில் வாய், பிறகு கை, பிறகு தடி" எனப் படிப்படியாகத் தீர்மானிக்கச் செய்யுங்கள்.

கடமையைச் செய்யாமல் விடுவதும் மீறல்தான் என்பதையும் இங்கே சேருங்கள். 2019 உயிர்த்த ஞாயிறு தாக்குதல் வழக்கில் 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம், அப்போதைய பொலிஸ்மா அதிபரைத் தன் சொந்தப் பணத்தில் 75 மில்லியன் ரூபாய் இழப்பீடு கட்டச் சொன்னது. அறை அமைதியாகிவிடும்.

ஆறாம் படி: ஊரின் நினைவு

2006 ஜனவரி 2 இல் திருகோணமலைக் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் மூதூரில் தொண்டுப் பணியாளர்கள் 17 பேர் கொல்லப்பட்டார்கள். அறையில் இருப்பவர்களுக்கும் வெளியே இருக்கும் மக்களுக்கும் இது தெரியும். மறைத்துப் பேசினால் பயிற்சி பொய்யாகும். முதல் நாளே எடுத்தால் கதவு மூடிவிடும். இரண்டாம் நாள் பிற்பகல், மக்கள் ஏன் நிலையத்துக்கு வரப் பயப்படுகிறார்கள் என்ற அமர்வில் எடுங்கள். பாதிக்கப்பட்ட குடும்பத்தாரைப் பேச அழைத்துவந்து காட்சிப்பொருளாக்காதீர்கள்.

ஏழாம் படி: மாறியதா என்று பார்த்தல்

தொடக்கத்திலும் முடிவிலும் ஒரே பத்துக் கேள்வித் தாளைக் கொடுங்கள், பெயர் இல்லாமல், ஒவ்வொன்றும் ஒரு சின்னச் சம்பவமாக. ஆனால் தாளில் வரும் புள்ளியை நம்பி இருக்கவேண்டாம். மூன்று மாதம் கழித்துப் பொறுப்பதிகாரியின் சம்மதத்துடன் கைதுப் பதிவுகளில் இருபதை எடுத்துப் பாருங்கள். கைது நேரமும் வந்த நேரமும் தனித்தனியே இருக்கிறதா, காரணம் எழுதப்பட்டிருக்கிறதா, குடும்பத்துக்கு அறிவித்த நேரம் உண்டா, வாக்குமூலத்தின் மொழி எது? இதற்கான சம்மதத்தை இரண்டாம் படியில் கொடுக்கும் கடிதத்திலேயே கேட்டு வைத்துவிடுங்கள், பிறகு கேட்டால் கிடைக்காது.