‘ரிப்பீட்’ இல்லாத இரண்டு துறைகள்: பயிற்சி மாணவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எக்ஸ்ரே அறையில் ஓராண்டு பழகிவிட்டு வரும் மாணவரோடு ஒரு சொல்லும் கூடவே வந்துவிடுகிறது: ‘ரிப்பீட்’. நோயாளி மூச்சை விட்டுவிட்டாலோ, தோள்பட்டை எலும்பு படத்தை மறைத்துவிட்டாலோ, அங்கே இன்னொரு முறை எடுத்துக்கொள்ளலாம். கதிர்வீச்சு சிகிச்சையில் தவறான இடத்தில் விழுந்த 2 கிரே கதிரைத் திரும்ப எடுக்க முடியாது. அணுக்கரு மருத்துவத்தில் நரம்புக்குள் போன கதிரியக்க மருந்தைத் திரும்ப உறிஞ்ச முடியாது. சென்னையில் இந்த இரு துறைகளிலும் பல ஆண்டுகள் மாணவர்களோடு நின்றவன் என்ற முறையில் சொல்கிறேன்: அவர்கள் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை பாடம் தெரியாததால் வருவதில்லை, எக்ஸ்ரே அறையின் பழக்கத்தை இங்கேயும் தொடர்வதால் வருகின்றன.

முதல் தவறு பெயரில் தொடங்குகிறது. நம் ஊரில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் கிடையாது, முன்னெழுத்தும் பெயரும்தான். காலை ஒன்பது மணிக்குக் காத்திருப்புக் கூடத்தில் இரண்டு லட்சுமிகளும் மூன்று செல்விகளும் உட்கார்ந்திருப்பது அதிசயமல்ல. கதவைத் திறந்து “லட்சுமி அம்மா?” என்று கூப்பிட்டால், இரண்டு மணி நேரமாகக் காத்திருக்கும் யாராவது ஒருவர் எழுந்து வந்துவிடுவார், நெல்லூரிலிருந்தோ கொல்கத்தாவிலிருந்தோ வந்தவர் தமிழ் புரியாமலே தலையாட்டுவார். பெயரை நாம் சொல்லி அவர் ஆமோதிப்பது சரிபார்ப்பு ஆகாது. “உங்க பேரைச் சொல்லுங்கம்மா, எந்த இடத்துக்கு ட்ரீட்மென்ட், வலதா இடதா?” என்று கேட்டு, அவர் வாயிலிருந்து வரும் பதிலைக் கோப்பிலுள்ள எண்ணோடும் ஒளிப்படத்தோடும் ஒப்பிட வேண்டும். பதினெட்டாவது நாளாக வருபவரிடமும் இதைக் கேட்கத்தான் வேண்டும், ஏனென்றால் முகம் பழகிவிட்டது என்று விட்டுவிடும் நாளில்தான் திரையில் அடுத்தவருடைய திட்டம் திறந்திருக்கும்.

சிகிச்சைக்கு முன் நோயாளி படுக்க வேண்டிய நிலையைத் தீர்மானிக்கும் சிமுலேஷன் நாளில் நேரும் கவனக்குறைவு, அடுத்த ஐந்தாறு வாரங்களுக்குத் தினமும் திரும்ப வரும். தலை, கழுத்துப் பகுதிக்கு வார்க்கும் தெர்மோபிளாஸ்டிக் முகமூடி 65 முதல் 70 டிகிரி வெந்நீரில் இளகி, முகத்தின் மேல் படிந்து, ஆறும்போது சற்றே சுருங்கி இறுகுகிறது. தண்ணீரைத் துடைக்காமல் முகத்தில் போடுவதும், முழுக்க இறுகுமுன் கழற்றுவதும் மாணவர்கள் அவசரத்தில் செய்பவை. ஆனால் இவற்றைவிட அதிகம் தொல்லை தருவது கொண்டைதான். நான் பயிற்சியில் இருந்த இடத்தில் ஓர் அம்மாவுக்குக் கொண்டையோடும் மூக்குத்தியோடும் முகமூடி வார்த்துவிட்டோம். அடுத்த வாரம் அவர் எண்ணெய் தேய்த்துப் பின்னல் போட்டு வந்திருந்தார். முகமூடி பொருந்தவில்லை, நான் அழுத்திக் கொக்கியை மாட்டினேன், மாட்டிக்கொண்டது. படம் எடுத்துப் பார்த்த மூத்த டெக்னாலஜிஸ்ட், தாடை நின்ற நிலையைக் காட்டி, அத்தனையையும் கழற்றச் சொன்னார். கொண்டை, பூ, தோடு, பல்செட், தாடி ஆகியவற்றில் சிமுலேஷனின்போது எவை இருந்தன, எவை இல்லை என்பதை அன்றே கோப்பில் எழுதிவைக்க வேண்டும். முகமூடி திடீரென்று பொருந்தாமல் போனால் அழுத்திப் பார்க்கக் கூடாது.

நோயாளியைத் தினமும் அதே நிலையில் கிடத்துவதற்காக உடலில் போடும் கோடுகளின் கதை வேறு. சென்னையின் மே மாத வியர்வையில் எந்த மையும் நெடுநாள் நிற்பதில்லை. கோடு அழிந்தால் திட்டுவார்கள் என்று பயந்து, வீட்டில் மகளோ மருமகளோ பிள்ளையின் ஸ்கெட்ச் பேனாவால் அதை அழுத்தி வரைந்து அனுப்புகிறார்கள், அதுவும் நாம் போட்டதைவிட நேராகவும் அழகாகவும். மாணவர் அறையின் லேசர் ஒளிக்கோட்டை அந்தக் கோட்டில் பொருத்திவிட்டு, எல்லாம் சரியாக இருப்பதாக நினைத்துக்கொள்கிறார். ஒரு கோடு பொருந்துவது போதாது. நடுக்கோடும் இரு பக்கக் கோடுகளும் ஒன்றோடொன்று இணங்குகின்றனவா, தோலுக்கும் கருவிக்கும் உள்ள தூரம் திட்டத்தில் உள்ளபடி இருக்கிறதா, படம் என்ன சொல்கிறது என்று பார்த்த பிறகே அந்தக் கோட்டை நம்ப வேண்டும். இதற்காக நோயாளியைக் கடிந்துகொண்டால் அடுத்த முறை அவர் சொல்லாமலே வரைந்து வருவார். முதல் நாளே “கோடு அழிஞ்சா அழிஞ்சபடியே வாங்க, நாங்க போட்டுக்குறோம்” என்று சொல்லிவிடுவது நல்லது.

உடலில் போட்ட கோட்டிலிருந்து கதிர்கள் சந்திக்கும் மையமான ஐசோசென்டருக்குக் கவுச்சை, அதாவது நோயாளி படுத்திருக்கும் மேசையை, நகர்த்தும்போது இடவலம் மாறுவதும் அடிக்கடி நடப்பதுதான். நோயாளியின் இடது கை எந்தப் பக்கம் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே நகர்த்துபவரை யாரும் கேலி செய்யப் போவதில்லை.

அடிவயிற்றுச் சிகிச்சைக்குச் சிறுநீர்ப்பை நிறைந்திருந்தால்தான் குடல் கதிர் விழும் இடத்திலிருந்து மேலே விலகி நிற்கும் என்பது எல்லா மாணவர்களுக்கும் தெரியும். தெரிந்திருந்தும் “தண்ணி குடிச்சாச்சா?” என்று கேட்டு, “ஆச்சு” என்ற பதிலோடு கட்டத்தில் குறி போட்டுவிடுகிறார்கள். திருத்தணியிலிருந்து மின்சார ரயிலில் வரும் பெண், வழியில் கழிப்பறைக்கு என்ன செய்வது என்று அஞ்சி ஒரு மடக்குதான் குடித்திருப்பார். அதுவும் குடித்ததில்தான் சேரும். எத்தனை டம்ளர், எத்தனை மணிக்கு, கடைசியாக எப்போது சிறுநீர் கழித்தார் என்று மூன்றையும் கேட்க வேண்டும். கதிர்வீச்சு சிகிச்சையை நம் மக்கள் ‘கரண்ட் வைப்பது’ என்கிறார்கள். மாணவரும் அதே சொல்லைச் சொல்லி அழைத்தால், ஷாக் அடிக்கும் என்று உடலை விறைத்துக்கொண்டு படுப்பவரை நேராகக் கிடத்துவது கடினம்.

அறையை விட்டுக் கடைசியாக வெளியேறுபவர் திரும்பி ஒருமுறை பார்க்க வேண்டும். அம்மாவின் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு மகன் உள்ளேயே நிற்பது நடக்கக்கூடியதே. அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கு 1957-இல் வந்த கோபால்ட் கருவியிலிருந்து சென்னையின் கதிர்வீச்சு சிகிச்சை இன்று மின்சாரத்தால் கதிரை உண்டாக்கும் லினாக்கிற்கு வந்துவிட்டது. அதனால் கோபால்ட் மூலத்தை அணைக்கவே முடியாது, ஒளித்துவைக்க மட்டுமே முடியும் என்பது மாணவர்களுக்கு மறந்துவிடுகிறது. மூலம் உள்ளே திரும்பாமல் சிக்கிக்கொண்டால் முதல் வேலை நோயாளியை வெளியே கொண்டுவருவது. கருவியைப் பழுதுபார்ப்பது பயிற்சி மாணவரின் வேலையே அல்ல.

அணுக்கரு மருத்துவத்தில் இந்தக் கணக்கே தலைகீழ். அங்கே ஊசி போட்ட நொடியிலிருந்து நோயாளிதான் கதிர்மூலம். மாணவர் ஈய ஏப்ரனை மாட்டிக்கொண்டு தைரியமாகப் பக்கத்தில் நிற்கிறார். 0.5 மில்லிமீட்டர் ஈயம், ஸ்கேன்களில் பயன்படும் கதிரியக்கப் பொருளான டெக்னீசியம்-99எம் வெளியிடும் 140 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் கதிரில் பாதிக்கு மேல் தடுக்கும். ஆனால் பெட் சிடி ஸ்கேனுக்குப் பயன்படும் ஃபுளோரின்-18-இன் 511 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் கதிரில் பத்தில் ஒரு பங்கைக்கூடத் தடுக்காது. அங்கே காப்பது தூரமும் நேரமும்தான்: ஒரு மீட்டர் தூரத்தை இரண்டு மீட்டராக்கினால் அளவு ஏறத்தாழ கால்வாசியாகிறது. ஆகவே எங்கே உட்கார வேண்டும், எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும், கழிப்பறை எங்கே என்பவற்றை ஊசிக்கு முன்பே பேசி முடித்துவிட வேண்டும். ஊசி போட்ட பிறகு பக்கத்தில் உட்கார்ந்து ஆறுதல் சொல்வது அன்புதான் என்றாலும் அது தவறான நேரம்.

ஃபுளோரின்-18 சேர்ந்த, சர்க்கரை போன்ற எஃப்டிஜி மருந்தைச் செலுத்தி எடுக்கும் ஸ்கேனுக்கு நான்கு முதல் ஆறு மணி நேரம் வெறும் வயிறு வேண்டும். “சாப்பிட்டீங்களா?” என்றால் “இல்லைங்க” என்பார்கள், காபி நம் ஊரில் சாப்பாட்டுக் கணக்கில் வராது என்பதால். பாலும் சர்க்கரையும் கலந்த அந்தக் காபி, காலையில் போட்டுக்கொண்ட இன்சுலின், இரண்டுமே மருந்தைக் கட்டிக்குப் பதிலாகத் தசைக்குத் திருப்பிவிடும். ஊசிக்குப் பிறகு வெற்றிலை மென்றால் படத்தில் தாடைத் தசை ஒளிரும். செல்பேசியில் உரக்கப் பேசிக்கொண்டிருந்தால் குரல்வளைத் தசை ஒளிரும். “எந்திரிச்சதுலேர்ந்து வாயில என்னவெல்லாம் போட்டீங்க?” என்று கேட்டால் உண்மை வரும்.

கதிரியக்க மருந்தைத் தயாரித்து அளக்கும் ஹாட் லேபில் நடக்கும் தவறுகள் கணக்கில்தான். டெக்னீசியத்தின் அரை ஆயுள் 6 மணி நேரம். காலை 8 மணிக்கு 20 மில்லிகியூரி இருந்த குப்பியில் மதியம் 2 மணிக்குப் பத்துதான் இருக்கும். நேரம் எழுதாத லேபிளில் அளவு மட்டும் இருந்து பயனில்லை. ஒரு மில்லிகியூரி 37 மெகாபெக்கரல் என்பது தெரிந்தவரும் அலகை எழுதாமல் விட்டால் அடுத்தவர் தடுமாறுவார். மருந்தின் கதிரியக்கத்தை அளக்கும் டோஸ் கேலிப்ரேட்டரில் முந்தைய ஆள் விட்டுப்போன ஐசோடோப் பொத்தானிலேயே அளந்துவிடுவதும் நடக்கிறது. கருவி எதையும் ஆட்சேபிக்காமல் ஓர் எண்ணைக் காட்டிவிடும்.

கர்ப்பமா, தாய்ப்பால் கொடுக்கிறாரா என்ற கேள்வியை மாமியாரையோ அம்மாவையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்பது கேளாததற்குச் சமம். துணைக்கு வந்தவரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, திருமணமாகாத பெண்ணிடமும் கடைசி மாதவிடாய்த் தேதியைத் தாழ்ந்த குரலில் கேட்க வேண்டும். ஆண் மாணவருக்குத் தயக்கம் இருந்தால் செவிலியரை அழைத்துக்கொள்ளலாம்.

பணியாளர் வாங்கும் கதிரைப் பதியும் டிஎல்டி பேட்ஜை வெள்ளைக் கோட்டோடு சேர்த்து ஊசி போடும் அறையில் தொங்கவிட்டுக் கேண்டீனுக்குப் போகும் பழக்கம் எல்லா வகுப்பிலும் ஒருவருக்காவது உண்டு. கோட்டு வாங்கிய கதிர் அவர் பெயரில் பதிவாகிறது. பணியாளர் வாங்கக்கூடிய கதிரின் வரம்பு ஐந்தாண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட், எந்த ஓராண்டிலும் 30-ஐத் தாண்டக் கூடாது. 18 வயது நிரம்பாத பயிற்சி மாணவருக்கு 6 மட்டுமே. பேட்ஜ் மார்பில், ஏப்ரன் அணிந்தால் அதன் உள்ளே இருக்க வேண்டும். நண்பனுடையதை ஒரு நாளுக்குக்கூட இரவல் வாங்கக் கூடாது.

இன்னொன்று மரியாதை காரணமாக வருவது. கவுச் தவறான பக்கம் நகர்வதைப் பார்த்தும், சாருக்குத் தெரியாததா என்று மாணவர் வாயை மூடிக்கொள்கிறார். “சார், ஒரு நிமிஷம், ஷிஃப்ட் இடப்பக்கம்தானே?” என்று ஐயமாகவே கேட்டுவிடலாம், கேள்வியாக வரும்போது எந்த மூத்தவருக்கும் முகம் சுளிக்கக் காரணமிருக்காது, கையும் கவுச் பொத்தானில் நின்றுவிடும். அன்று மாலையே பயிற்சிப் பதிவேட்டில் அதையும் எழுதிவைக்க வேண்டும். பருவ இறுதியில் ஒரே பேனாவில் ஒரே இரவில் ‘தலை, கழுத்து: 20 நோயாளிகள், உதவினேன்’ என்று நிரப்பிக் கையெழுத்துக்கு நீட்டும் பதிவேட்டை நான் திருப்பிக் கொடுத்துவிடுவேன், ‘பக்க லேசர் 4 மில்லிமீட்டர் விலகியிருந்தது, பிசிசிஸ்ட் (மருத்துவ இயற்பியலாளர்) சரிசெய்தார், பிறகே தொடங்கினோம்’ என்று ஒரு வரி இருந்தால் அந்தப் பக்கத்தில் உடனே கையெழுத்துப் போடுவேன்.