க்ரீமுக்கு விஸ்காசிட்டி பார்க்கும்போது செய்யக்கூடாதவை

ஸ்டீராய்டு க்ரீமோ மூட்டுவலி ஜெல்லோ, டியூபிலிருந்து வருவதும் விரலில் நிற்பதும் தோலில் படர்வதும் அதன் பாய்வைப் பொறுத்தவை. பாய மறுக்கும் அந்தக் கெட்டித்தன்மையின் அளவுதான் விஸ்காசிட்டி. மீட்டரை ஜீரோ செய்ய மறப்பது, ஸ்பிண்டிலை (க்ரீமுக்குள் சுற்றும் மீட்டர் தண்டு) கழுவாமல் விடுவது எல்லாம் ஒரு திட்டில் சரியாகிவிடும். எவ்வளவு திட்டினாலும் திரும்பி வருகிறவை கீழே.

முதல் நாள் அளவை நம்பி பேட்ச்சைத் திருத்துவது

இதுதான் காசைக் கரைக்கும் தவறு. செட்டோஸ்டியரைல் ஆல்கஹாலும் (மெழுகு போன்ற கொழுப்பு ஆல்கஹால்) செட்டோமேக்ரோகோல் 1000-உம் (எண்ணெயையும் நீரையும் பிரியாமல் வைக்கும் எமல்சிஃபையர்) சேர்ந்த பேஸை எடுத்துக்கொள்ளுங்கள். பீட்டாமெத்தசோன் வேலரேட் க்ரீம்களில் வழக்கமாக வருவது. சுமார் 70 டிகிரியில் எண்ணெயும் நீரும் கலந்து, கிளறக் கிளற ஆறி, 35-க்கு வந்ததும் கெட்டிலிலிருந்து ஒரு பீக்கர் லேபுக்கு வரும். "தண்ணியா இருக்கு சார்" என்று தகவல் போகும். "மெழுகைக் கொஞ்சம் கூட்டு" என்று பதில் வரும். உருக்கி ஊற்றி, மறுபடி சூடாக்கி ஆற்றி, எண் சரியாக வந்ததும் டியூபில் அடைத்துவிடுவார்கள். சில நாள் கழித்து டியூபை அழுத்தினால் க்ரீம் வாயில் குச்சி மாதிரி நிற்கும். தோலில் தேய்த்தால் இழுக்கும்.

இந்த க்ரீமுக்குக் கெட்டி தருவது முக்கியமாக எண்ணெய்த் துளிகள் அல்ல. கொழுப்பு ஆல்கஹாலும் எமல்சிஃபையரும் சேர்ந்து நீருக்குள் அடுக்கடுக்காகப் படர்ந்து, அடுக்குகளுக்கு நடுவே தண்ணீரை வாங்கி வைத்துக்கொள்கின்றன. செட்டோமேக்ரோகோல் இருந்தால் இந்த ஊறல் நாள்கணக்கில் நடக்கும். முதல் நாள் இளகல் ஃபார்முலாவின் குற்றமே இல்லை.

ஆகவே டெவலப்மென்ட்டில் குறைந்தது மூன்று பேட்ச்சை 1, 2, 3, 7, 14-ஆம் நாள்களில் அளந்து வரைபடம் போடுங்கள். கோடு எந்த நாளில் சமமாகிறதோ அந்த நாளுக்குத்தான் ரிலீஸ் வரம்பு, அதாவது பேட்ச்சை வெளியே விட ஒப்புக்கொள்ளும் அளவு. கெட்டில் மாதிரிக்குத் தனி வரம்பு. ஆறும் வேகத்தையும் கிளறிய நேரத்தையும் பேட்ச் ஏட்டில் எழுதுங்கள். பெரிய கெட்டில் மெதுவாக ஆறும், எண் மாறும். நிரப்பும் பம்ப் உடைத்த கட்டமைப்பும் முழுதாகத் திரும்பாது. டியூபில் அடைத்த பிறகும் அளக்கச் சொல்வது அதனால்தான்.

ஒற்றை எண்

"விஸ்காசிட்டி 45,000 சிபி." சிபி என்பது சென்டிபாய்ஸ், விஸ்காசிட்டியின் அலகு. ஆனால் எந்த ஸ்பிண்டில், எத்தனை ஆர்.பி.எம்., எந்த வெப்பநிலை, எத்தனையாவது நிமிடம்? இவை இல்லாவிட்டால் அந்த எண் வெறும் மை. விரல் நொடிக்கு 10 செ.மீ. நகர்ந்து, படலம் 0.1 மி.மீ. தடிமன் என்றால் ஷியர் ரேட் (வேகத்தைத் தடிமனால் வகுத்தால் வரும் தேய்ப்பு வீதம்) நொடிக்கு 1000. 10 ஆர்.பி.எம்.மில் ஓடும் ஸ்பிண்டில் அதன் பக்கத்திலேயே வராது. 25 டிகிரியில் ஒரு முறை, தோலின் 32 டிகிரியில் ஒரு முறை, பல ஷியர் ரேட்டுகளில் அளந்து முழுப் பாய்வுக் கோட்டையும் எடுங்கள். மீட்டர் டார்க்கை (ஸ்பிண்டிலைச் சுற்றத் தேவைப்படும் முறுக்கு விசை) 10 சதவீதத்துக்குக் கீழே காட்டினால் எழுதாதீர்கள். கெட்டிக் க்ரீமில் சாதா ஸ்பிண்டில் குழி பறித்துக்கொண்டு காற்றில் சுற்றும். டி-பார் (T வடிவ ஸ்பிண்டில்) போட்டு இறக்கிக்கொண்டே அளக்க வேண்டும்.

வழுக்கல்

இரண்டு தட்டுகளுக்கு நடுவே க்ரீமை வைத்து அளக்கும் ரியோமீட்டரில், வழவழப்பான தட்டில் க்ரீம் பாயாமல் சறுக்கும். யீல்டு ஸ்ட்ரெஸ் (க்ரீம் பாயத் தொடங்கத் தேவையான அழுத்தம்) பொய்யாகக் குறையும். 0.5, 1 மி.மீ. இடைவெளிகளில் ஓட்டுங்கள். கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று விழாவிட்டால் சொரசொரப்பான தட்டுக்கு மாறுங்கள்.

தட்டை இறக்கியதும் ஓட்டுவது

ஐந்து நிமிடம் விடுங்கள்.

அளந்த மாதிரியையே மறுபடி அளப்பது

கூடாது.

கார்போமர் ஜெல்லுக்கு டிரைஎத்தனாலமைன் கூட்டுவது

கார்போமர் என்பது ஜெல்லைக் கெட்டியாக்கும் பாலிமர். டிரைஎத்தனாலமைன் என்ற காரம் பிஎச்சை ஏற்றி அதை விரிய வைக்கிறது. ஜெல் இளகினால் எல்லோர் கையும் அந்தப் பாட்டிலுக்குத்தான் போகிறது. பிஎச் 6-7-ஐத் தொட்டிருந்தால் அங்கே வேலை இல்லை. குற்றவாளி பெரும்பாலும் உப்பு: டைக்ளோஃபெனாக் போல உப்பு வடிவில் சேரும் மருந்தின் அயனிகள் விரிந்த பாலிமரைச் சுருக்கிவிடும். அடுத்த சந்தேகம் ஹோமோஜினைசர் (அதிவேகக் கலக்கி). அது பாலிமர்ச் சங்கிலியையே அறுத்திருந்தால், க்ரீமைப்போல நாலு நாள் ஆறப்போட்டுக் காத்திருந்தாலும் அந்த ஜெல் ஏறாது.