பாரசீக வரலாற்று நூல்களில் அரசரை அடையாளம் காண

முகலாயர் காலப் பாரசீக வரலாறுகளைப் படிக்கும்போது, மறைந்த அரசர்களின் சிறப்புப் பட்டங்களை முதலில் மனதில் பதியவையுங்கள். இயற்பெயர் பெரும்பாலும் வராது. 'ஃபிர்தௌஸ் மகானி' பாபர். 'ஃபிர்தௌஸ் ஆஷியானி' ஷாஜஹான். 'ஜன்னத் ஆஷியானி' ஹுமாயூன். 'ஜன்னத் மகானி' ஜஹாங்கீர். இந்த இரண்டு ஜோடிகளில்தான் தடுமாற்றம் அதிகம். கவனம் பிசகினால், தாத்தா ஹுமாயூன் நடத்திய போர் பேரன் ஜஹாங்கீரின் கணக்கில் ஏறிவிடும்!

அக்பர் உயிரோடிருந்தபோது எழுதிய அவரது அவை வரலாற்றாசிரியர் அபுல் ஃபசல் அவரை 'ஹஸ்ரத் ஷாஹின்ஷாஹி' என்கிறார். 1605-இல் அக்பர் மறைந்த பிறகே 'அர்ஷ் ஆஷியானி' என்ற பட்டம் வருகிறது. ஆகவே, ஒரு நூல் எழுதப்பட்ட காலத்தைக் கணிக்கவும் பட்டம் கைகொடுக்கும்; பின்னாளில் படியெடுத்தவர் மாற்றியிருக்கவும் கூடும் என்பதால் வேறு சான்றும் தேடுங்கள். 'சாஹிப் கிரான்' முகலாயரின் மூதாதை தைமூர். அதனுடன் 'ஸானி' (இரண்டாமவர்) சேர்ந்தால் ஷாஜஹான்.