கருவாட்டுப் பொடியும் எட்டு மணி போனும்

பாம்பனிலிருந்து ஜெர்மனிக்குப் படிக்கப் போன புதிதில் நான் சரியாகச் சாப்பிடவே இல்லை. விடுதியின் பொதுச் சமையலறையில் ஒருநாள் நெத்திலிக் கருவாடு வறுத்தேன். வாடை இரண்டு நாள் போகவில்லை. பக்கத்து அறைப் பெண் ஒன்றும் சொல்லாமல் ஜன்னல்களைத் திறந்து வைத்தாள். மனசு கஷ்டமாகிவிட்டது.

விடுமுறையில் அம்மாதான் வழி சொன்னாள். நெத்திலித் தலையைக் கிள்ளி, மண் போக அலசி, வெயிலில் சுக்காகக் காயவைத்து, வெறும் சட்டியில் மொறுமொறுவென்று வறுத்து, வரமிளகாய், சீரகத்தோடு இடித்துத் தந்தாள். பூண்டு சேர்த்தால் சீக்கிரம் கெடும் என்று விட்டுவிட்டாள். சுடுசோறு, நல்லெண்ணெய், ஒரு ஸ்பூன் பொடி போதும். அங்கே கருவாட்டை அடுப்பில் ஏற்றவே வேண்டாம். நெய் மட்டும் எடுத்துப் போகாதீர்கள். இங்கிருந்து போகிறவர்கள் பால், இறைச்சிப் பொருள்களை ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுபோகத் தடை. மீன் 20 கிலோ வரை சரி.

அப்புறம் போன். அக்டோபர் கடைசி ஞாயிறு அங்கே கடிகாரத்தை மாற்றுவார்கள். மூன்றரை மணி வித்தியாசம் நாலரை ஆகிவிடும். வழக்கமான நேரத்தில் கூப்பிட்டால் அப்பா தூங்கியிருந்தார். இப்போது இந்திய நேரம் இரவு 8 மணி என்று முடிவு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுக்குத் தடைக்காலம். அப்போது கடலுக்குப் போகாமல் வீட்டில் இருக்கும் அப்பா போனை வைக்கவே மாட்டார்.