வீட்டுல பீர் காய்ச்சும்போது ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பு தர்ற பூ) கசடு ஃபெர்மென்டருக்குள்ள (பீர் நொதிக்கிற பாத்திரம்) போகாம இருக்க

பெல்லட் ஹாப்ஸ் (பொடிச்சு அழுத்தின ஹாப்ஸ் துண்டுகள்) கொதிக்கிற வோர்ட்ல (நொதிக்கிறதுக்கு முன்னாடி இருக்குற இனிப்பு மால்ட் சாறு) விழுந்ததும் பொடிப்பொடியா உதிர்ந்து பச்சை சேறாயிடும், அதை வடிகட்டியில ஊத்துனா சீக்கிரமே அடைச்சுக்கும், அதனால வோர்ட்டை சுழல வைக்கிறதுதான் பெஸ்ட். கூல் பண்ணிட்டு சில்லர் காயிலை (வோர்ட்டை குளிர வைக்கிற குழாய்ச் சுருள்) வெளிய எடுங்க, சானிடைஸ் பண்ண நீளக் கரண்டியால ஒரே பக்கமா ஒரு நிமிஷம் வேகமா சுத்திட்டு மூடி போட்டு 20 நிமிஷம் தொடவே தொடாதீங்க. கசடு நடுவுல கோபுரமா குவிஞ்சிடும், ஓரத்துல சைஃபன் ட்யூப் (திரவத்தை உறிஞ்சி இறக்குற குழாய்) வச்சு வோர்ட்டை மெதுவா ஃபெர்மென்டருக்கு இறக்குங்க. கடைசி 1 லிட்டர் கலங்கலாதான் வரும், அதுக்கு ஆசைப்படாம பானையிலேயே விட்டுடுங்க. ஹாப்ஸை மெஷ் பையில (வலைப் பை) போடுறவங்க பையை பெருசா வாங்குங்க, ஹாப்ஸ் ஊறி உப்பும், இறுக்கமா இருந்தா கசப்பு சரியா இறங்காது. கொஞ்சூண்டு தூள் உள்ள போனா பயப்படாதீங்க, ஈஸ்ட்டோட சேர்ந்து அடியில படிஞ்சிடும்.