இன்ஃபார்ம் 7: வர்ணனைக்குள் 'இஃப்' குவியாமல் இருக்க

எழுத்துவழிக் கதை விளையாட்டுகளை உருவாக்கும் மொழியான இன்ஃபார்ம் 7-இல் ஓர் உரைக்குள் 'இஃப்' (if, நிபந்தனை) போட்டு, அதற்குள் இன்னொரு 'இஃப்' போட்டால் கம்பைலர் (நிரலை மாற்றித் தரும் மென்பொருள்) ஏற்காது. 'டு சே (To say) விளக்கின் நிலை' என்ற பாணியில் நிபந்தனையைத் தனியாக எழுதி, வர்ணனையில் [விளக்கின் நிலை] என்று மட்டும் கொடுங்கள். அந்தத் தனிப் பகுதிக்குள் 'இஃப்' எத்தனை அடுக்கு வேண்டுமானாலும் வைக்கலாம், படிக்கவும் சுலபம்.

அப்புறம் இந்த இடைவெளித் தொல்லை. "மேசை இருக்கிறது.[இஃப் விளக்கு எரிந்தால்] அதன்மேல் வெளிச்சம்.[எண்ட் இஃப்]" என்று இடைவெளியை நிபந்தனைக்கு உள்ளே வையுங்கள், விளக்கு அணைந்திருந்தால் வெற்றிடம் மிஞ்சாது. ஆனால் உரை இப்படி அடைப்புக்குறியில் முடிந்தால் இறுதி முற்றுப்புள்ளி இன்ஃபார்முக்குத் தெரியாமல், தானாக வர வேண்டிய வரிமுறிவு வராது; அடுத்த வரி ஒட்டிக்கொள்ளும். எனவே நிபந்தனை வாக்கியத்தை நடுவில் வைத்து, சாதாரண வாக்கியத்தில் முடிப்பதே என் வழக்கம்.